நொதித்தலை நிரூபித்தது பாஸ்டரா, புக்னரா?

இளங்கலை நுண்ணுயிரியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: நொதித்தல் என்பது உயிருள்ள ஈஸ்ட்டின் வேலை என்று லூயி பாஸ்டர் நிரூபித்ததாக ஒரு பாடநூல் சொல்கிறது. உயிரே வேண்டாம், ஈஸ்ட்டின் சாறே போதும் என்று காட்டி எட்வர்ட் புக்னர் நோபல் பரிசு வாங்கினார் என்று இன்னொரு பாடநூல் சொல்கிறது. அப்படியென்றால் பாஸ்டர் சொன்னது தப்பா? வேதியியல்காரரான அவர் நுண்ணுயிர்களிடம் எப்படி வந்து சேர்ந்தார்? எமில் ஃபிஷரின் சர்க்கரை ஆய்வுகளுக்கும் எங்கள் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்?

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: பாஸ்டர் தப்பில்லை, ஆனால் பாதிதான் சொன்னார். மற்ற இரண்டும் உண்மையில் ஒரே கேள்வி. நுண்ணுயிரியலும் சர்க்கரை வேதியியலும் தனித்தனியாக வளர்ந்து பிற்பாடு கைகோத்தவை என்று பாடத்திட்டம் நினைக்க வைக்கிறது. நடந்தது வேறு. ஆரம்பத்திலிருந்தே சர்க்கரையை வைத்துத்தான் நுண்ணுயிரைப் புரிந்துகொண்டார்கள், நுண்ணுயிரை வைத்துத்தான் சர்க்கரையைப் புரிந்துகொண்டார்கள்.

பாஸ்டருக்கு முந்தைய கதையைப் பாடநூல்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. அது அநியாயம். 1680-இல் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக், பீரில் இருந்த ஈஸ்ட்டைத் தன் லென்ஸ் வழியாகப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். உருண்டைகளைப் பார்த்தார், ஆனால் அவை உயிருள்ளவை என்று அவருக்குத் தோன்றவில்லை. பீர் காய்ச்சப் பயன்பட்ட தானியத்தின் மாவிலிருந்து வந்த துகள்கள் என்றே நினைத்தார். அதற்கப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கு நொதித்தல் வேதியியல்காரர்களின் சொத்தாக இருந்தது. லவாய்சியர் சர்க்கரையையும் ஆல்கஹாலையும் கார்பன் டைஆக்சைடையும் எடைபோட்டுக் கணக்கு எழுதினார். கே-லுசாக் 1815-இல் அதைச் சமன்பாடாகச் சீராக்கினார். நூறு கிராம் குளுக்கோஸுக்கு ஏறக்குறைய 51 கிராம் ஆல்கஹால், 49 கிராம் கார்பன் டைஆக்சைடு. கணக்கு இவ்வளவு அழகாகச் சரியாக வந்தபோது, இடையில் ஓர் உயிரைக் கொண்டுவர யாருக்கு மனசு வரும்?

இதே காலத்தில் சர்க்கரை வேதியியலும் உயிர் தேவையில்லை என்ற பக்கமே போய்க்கொண்டிருந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்ஷாஃப் என்பவர், வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பிசினுக்கு மாற்று தேடி, மாவுச்சத்தை நீர்த்த கந்தக அமிலத்தோடு கொதிக்க வைத்தார். 1811-இல் அவருக்குப் பிசினுக்குப் பதில் இனிப்பான பாகு கிடைத்தது. அமிலம் தீரவே இல்லை, போட்டது போட்டபடி இருந்தது. பிறகு முளைகட்டிய தானியமும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது என்று தெரிந்தது. 1833-இல் பாரிஸில் பாயன், பெர்சோ இருவரும் மால்ட்டை நீரில் ஊறவைத்து, அந்த நீரில் ஆல்கஹாலை ஊற்றி, வெள்ளையாகப் படிந்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சிறு அளவே போதும், பெரிய அளவு மாவுச்சத்து கரைந்து சர்க்கரையானது. டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். தனியாகப் பிரித்தெடுத்த முதல் நொதி (தான் தீராமல் வேதிமாற்றத்தை வேகப்படுத்தும் உயிர்ப்பொருள்) அதுதான். வெறும் பொடி மாவைச் சர்க்கரையாக்கும் என்றால், சர்க்கரையைச் சாராயமாக்கவும் இன்னொரு பொடி இருக்காதா என்று வேதியியல்காரர்கள் நினைத்ததில் என்ன தப்பு? அவர்களை முட்டாள்களாகக் காட்டும் நூல்களை நான் நம்புவதில்லை. அவர்கள் கையில் வலுவான சான்று இருந்தது.

எதிர்ப்பக்கச் சான்று 1837-ஐ ஒட்டி, ஒருவரையொருவர் சாராத மூன்று பேரிடமிருந்து வந்தது: பிரான்ஸில் காஞார் டி லா தூர், ஜெர்மனியில் தியோடர் ஷ்வான், ஃபிரெட்ரிக் கூட்ஸிங். மூவரும் ஈஸ்ட் மொட்டுவிட்டுப் பெருகுவதை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள். இவர்களில் ஷ்வானின் சோதனையைத்தான் நான் மாணவர்களுக்கு முதலில் சொல்வேன். சர்க்கரைக் கரைசலை ஈஸ்ட்டோடு கொதிக்க வைத்து, சூடாக்கிய காற்றை மட்டும் உள்ளே விட்டால் நொதிக்கவில்லை. அப்புறம் ஒரு நஞ்சுச் சோதனை. விலங்கையும் பூஞ்சையையும் சேர்த்துக் கொல்லும் ஆர்சனிக்கைப் போட்டார், நொதித்தல் நின்றது. விலங்குகளைக் கொல்லும் ஆனால் பூஞ்சையை ஒன்றும் செய்யாத எட்டிக்கொட்டைச் சாற்றைப் போட்டார், நொதித்தல் தன்பாட்டுக்குத் தொடர்ந்தது. ஆக நொதிக்க வைப்பது உயிர், அதிலும் (பூஞ்சையைத் தாவரத்தோடு சேர்த்த அந்நாள் கணக்கில்) தாவர வகை உயிர். எவ்வளவு சிக்கனமான வாதம்!

இந்த ஷ்வான்தான் அதற்கு முந்தைய ஆண்டு இரைப்பையிலிருந்து பெப்சினைக் கண்டுபிடித்தவர். உயிரில்லாத நொதியையும் உயிருள்ள ஈஸ்ட்டையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே ஆள் காட்டினார். இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தேவையான அறுபது வருட வேலை அப்போது யார் கையிலும் இல்லை.

இதற்குக் கிடைத்த மரியாதை கேலி. 1839-இல் ஜெர்மன் வேதியியல்காரர் லீபிக் நடத்திய வேதியியல் இதழில் பெயர் போடாத ஒரு நையாண்டி வந்தது. லீபிக்கும் அவருடைய நண்பரான வேதியியல்காரர் வோலரும் சேர்ந்து செய்த குறும்பு அது. ஈஸ்ட்டைத் தண்ணீரில் போட்டால் முட்டை பொரித்துச் சின்னஞ்சிறு விலங்குகள் வருகின்றனவாம். அவை வாலைக் குடுவை உருவத்தில் இருக்குமாம். சர்க்கரையை விழுங்கி, குடல் வழியே ஆல்கஹாலையும் சிறுநீர் வழியே கார்பன் டைஆக்சைடையும் கழிக்குமாம். ஷ்வான் அதே ஆண்டு ஜெர்மனியை விட்டு பெல்ஜியத்தின் லூவனுக்குப் போய்விட்டார்.

பாஸ்டர் இந்தச் சண்டைக்குள் வந்த வழி விசித்திரமானது. அவர் கையில் இருந்தது புளிப்பு. திராட்சை ரசப் பீப்பாய்களில் படியும் டார்டாரிக் அமிலம், நம் சமையலறைப் புளியின் புளிப்பும் அதே அமிலம்தான். அதன் கரைசல் தளமுனைவுற்ற ஒளியை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை) வலப்புறம் திருப்பும். ஆனால் ஆல்சேஸ் பகுதியில் 'தான்' (Thann) என்ற ஊரின் ஆலையில் கிடைத்த இன்னொரு வகை, எடையிலும் இயைபிலும் இதே அமிலமாக இருந்தும், ஒளியைத் திருப்பவே இல்லை. 1848-இல், 25 வயதில், பாஸ்டர் அந்த இரண்டாம் வகையின் சோடியம் அம்மோனியம் உப்பை மெதுவாகப் படிகமாக்கினார். படிகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, சிலவற்றில் ஒரு சிறிய சாய்முகம் வலப்பக்கம் இருந்தது, மற்றவற்றில் இடப்பக்கம். ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்து இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒரு குவியலைக் கரைத்தால் ஒளி வலமாகத் திரும்பியது. இன்னொன்றில் அதே அளவு இடமாகத் திரும்பியது. இரண்டையும் சமமாகக் கலந்தால் பூஜ்யம்.

ஒளிச்சுழற்சித் துறையின் பெரியவரான பியோ இதை நம்பவில்லை. எழுபது தாண்டியவர். அமிலம், சோடா, அம்மோனியா எல்லாவற்றையும் தானே கொடுத்து, தன் கண்முன் உப்பைத் தயாரிக்கச் சொல்லி, கரைசலைத் தன் அறையிலேயே பல நாள் ஆவியாக விட்டார். படிகங்களை பாஸ்டர் பிரித்தபின், சாய்முகம் இடப்பக்கம் இருந்த 'இடக்கை' வகையைத் தானே கரைத்துக் கருவியில் வைத்தார். பார்த்த முதல் பார்வையிலேயே ஒளி இடமாகத் திரும்பியிருந்தது. கிழவர் நெகிழ்ந்துபோனார் என்பது பிரபலமான கதை. இந்தச் சோதனையில் தட்பவெப்பத்துக்கும் பங்கு உண்டு. அந்த உப்பு ஏறத்தாழ 27 டிகிரிக்கு மேல் இப்படித் தனித்தனியாகப் படியாது. சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாமல் செய்தால் வராது.

இப்போது நுண்ணுயிர் வருகிறது. இரு கைகளும் கலந்த டார்டாரிக் அமிலத்தின் அம்மோனியம் உப்புக் கரைசலில் பூஞ்சை பிடித்தால், சாதாரணமாக ஆய்வகத்தில் என்ன செய்வோம்? கொட்டிவிடுவோம். பாஸ்டர் அதில் பெனிசிலியம் வகைப் பூஞ்சையை வளரவிட்டு, அவ்வப்போது ஒளிச்சுழற்சியை அளந்தார். ஆரம்பத்தில் சுழற்சி இல்லை. நாளாக நாளாக இடப்புறச் சுழற்சி கூடிக்கொண்டே போனது. பூஞ்சை வலக்கை வகையைத் தின்றுவிட்டு இடக்கை வகையை விட்டுவைத்திருந்தது. வலது கால் செருப்புக்குள் இடது கால் சரியாக நுழையாததுபோல, அதன் உடம்புக்கு மறு வகை ஒத்துவரவில்லை. உணவில் வலக்கையா இடக்கையா என்று கை பார்ப்பது உயிரின் குணம் என்று பாஸ்டர் பிடிவாதமாக நம்பினார்.

ஒளியைத் திருப்பும் தன்மைக்கும் உயிருக்கும் தொடர்பு உண்டு என்ற நம்பிக்கைதான் அவரை நொதித்தலுக்கு இழுத்தது. நொதித்தலில் உபரியாக வரும் அமைல் ஆல்கஹால் ஒளியைத் திருப்பும். ஒளியைத் திருப்பும் பொருள் பிறக்கும் இடத்தில் உயிர் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 1854-இல் லீல் நகரக் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். சுற்றிலும் பீட்ரூட்டிலிருந்து சாராயம் காய்ச்சும் ஆலைகள். 1856-இல் பிகோ என்ற ஆலைக்காரர் தன் தொட்டிகள் புளித்துப்போகின்றன என்று வந்து நின்றார். நல்ல தொட்டியின் சொட்டில் உருண்டையான ஈஸ்ட். கெட்டுப்போன தொட்டியில் வேறு வடிவச் சிறு உருக்கள், கூடவே லாக்டிக் அமிலம். மறு ஆண்டு வந்த அவருடைய லாக்டிக் நொதித்தல் கட்டுரையில் செய்முறை தெளிவாக இருக்கிறது: சர்க்கரை, ஈஸ்ட்டை வேகவைத்து வடிகட்டிய நீர், அமிலத்தைச் சமன்செய்யச் சுண்ணாம்புத்தூள். அதில் முந்தைய தொட்டியிலிருந்து சாம்பல் நிறப் படிவில் ஒரு துளி. அந்தத் துளி பெருகிற்று, லாக்டிக் அமிலம் வந்தது. ஒவ்வொரு நொதித்தலுக்கும் ஒரு தனி உயிர் என்ற கருத்து இங்கிருந்துதான் தொடங்குகிறது. நோய்க்கும் அப்படியே இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இதிலிருந்து ஒரு எட்டுதான்.

1860-இல் அவர் லீபிக் தரப்பின் மேல் இரண்டு அடி வைத்தார். கே-லுசாக்கின் அழகான சமன்பாடு முழு உண்மையல்ல. நூறு கிராம் சர்க்கரையில் மூன்று கிராம் அளவுக்குக் கிளிசரால் வருகிறது, கொஞ்சம் சக்சினிக் அமிலமும் வருகிறது, ஒரு பங்கு ஈஸ்ட்டின் உடம்பாகவே மாறுகிறது. இரண்டாவது இன்னும் கனமானது. லீபிக்கின் கொள்கைப்படி ஈஸ்ட்டின் புரதம் அழுகும் அதிர்வால்தான் சர்க்கரை உடைகிறது. பாஸ்டரோ புரதமே இல்லாத ஊடகத்தில், சுத்தமான சர்க்கரை, ஓர் அம்மோனியம் உப்பு, ஈஸ்ட்டின் சாம்பல் ஆகியவற்றோடு ஈஸ்ட்டை மிகச் சிறிதளவே தூவி வளர்த்துக் காட்டினார். அழுக அங்கே ஒன்றுமில்லை, வளரத்தான் செய்தது. இன்று நீங்கள் எழுதும் 'வரையறுக்கப்பட்ட ஊடகம்' என்ற விடைக்குத் தாத்தா இதுதான்.

ஆனால் அதே 1860-இல் பெர்த்தலோ ஈஸ்ட்டின் சாற்றிலிருந்து, கரும்புச் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிளக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். இன்வெர்டேஸ். ஈஸ்ட் உயிரோடு இருக்கத் தேவையில்லை. பிளப்பதற்கு நொதி போதும், ஆனால் சாராயமாக்க உயிர் வேண்டும் என்ற சமரசத்தில் எல்லோரும் முப்பது நாற்பது வருடம் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த இடைவெளியில் வருகிறார் ஃபிஷர். அந்நாளில் சர்க்கரை வேதியியல் ஒரு தண்டனை. சுத்தப்படுத்தப் போனால் படிகமாகாமல் பாகாகவே நிற்கும். ஃபிஷர் 1875-இல் தானே கண்டுபிடித்திருந்த ஃபீனைல்ஹைட்ரசீன், சர்க்கரைகளோடு சேர்ந்து மஞ்சள் படிகமாகப் படிவதை 1884-இல் கண்டார். அதுதான் நீங்கள் செய்முறைத் தேர்வில் கொதிநீரில் வைத்துக் காத்திருந்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஓசசோன். குளுக்கோஸுக்கு ஊசிக் கற்றை, லாக்டோஸுக்குப் பஞ்சு உருண்டை, மால்டோஸுக்குச் சூரியகாந்தி. குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், மேனோஸ் மூன்றும் ஒரே ஓசசோனைத் தருவதிலிருந்து, அவை முதல் இரண்டு கார்பன்களில் மட்டுமே வேறுபடுகின்றன என்று அவர் படித்தெடுத்தார். அந்த ஃபீனைல்ஹைட்ரசீன் நஞ்சு. பல வருடம் அதோடு புழங்கியதில் அவர் உடம்பு கெட்டது. செய்முறையில் கையுறை போடச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

குளுக்கோஸில் நான்கு சீர்மையற்ற கார்பன்கள் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியவை) உள்ளன. 1874-இல் வந்த வான்ட் ஹாஃப் கொள்கைப்படி பதினாறு மாற்றியங்கள் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) சாத்தியம். அதில் குளுக்கோஸ் எது? 1891-இல் ஃபிஷர் தர்க்கத்தாலேயே விடை சொன்னார். கண்ணாடிப் பிம்ப ஜோடியில் எது எது என்று மட்டும் அன்று அறிய வழியில்லை, அதனால் ஒன்றைத் தேர்ந்து வரைந்தார். பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1951-இல் பைஃபுட் எக்ஸ்-கதிர் மூலம் ஒரு டார்டாரிக் அமில உப்பைச் சோதித்தபோது, ஃபிஷர் வரைந்தது சரியான கைதான் என்று தெரிந்தது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஃபிஷர் குடுவையில் செயற்கையாகச் செய்த ஃப்ரக்டோஸ் இரு கையும் கலந்தது. படிகங்களைப் பிரிக்க இடுக்கி வேலை செய்யாது. அதனால் ஈஸ்ட்டைப் போட்டார். ஈஸ்ட் இயற்கை வகையைத் தின்றுவிட்டு, இயற்கையில் காணாத எதிர்க்கை ஃப்ரக்டோஸை மிச்சம் வைத்தது. பாஸ்டரின் பூஞ்சைத் தந்திரமேதான். 1894-இல் தியர்ஃபெல்டர் என்பவரோடு சேர்ந்து பல வகை ஈஸ்ட்டுகளுக்குப் பல சர்க்கரைகளைக் கொடுத்துப் பார்த்தார். டி-வரிசைக் (இயற்கையில் காணும் கை) குளுக்கோஸ், மேனோஸ், ஃப்ரக்டோஸ், சில ஈஸ்ட்டுகளுக்குக் கேலக்டோஸ், அவ்வளவுதான் செல்லுபடியாயின. எதிர்க்கை வகைகளை ஈஸ்ட் சீண்டவில்லை. அடுத்து உயிரை விட்டுவிட்டு நொதிக்கு வந்தார். ஆல்ஃபா மெதில் குளுக்கோசைடை (குளுக்கோஸோடு மெதில் தொகுதி ஒட்டிய பொருளின் ஒரு வகை) ஈஸ்ட்டின் நொதி பிளந்தது, பீட்டா வகையைத் தொடவில்லை. வாதுமையின் நொதியான எமல்சின் நேரெதிர். நொதியும் அதன் இரையும் பூட்டும் சாவியும்போலப் பொருந்த வேண்டும் என்று அவர் எழுதியது இந்தச் சோதனைக்குத்தான். கை பார்ப்பது உயிருக்கே உரிய குணம் என்று பாஸ்டர் நம்பினார் அல்லவா? வடிகட்டிய சாறும் கை பார்க்கிறது என்று ஃபிஷர் காட்டிவிட்டார். என் பார்வையில் பாஸ்டரின் கொள்கைக்கு உண்மையான விரிசல் விழுந்தது இங்கேதான், புக்னரிடம் அல்ல.

புக்னரின் கண்டுபிடிப்பு ஒரு பக்கவாட்டு விபத்து. மியூனிக்கில் அவருடைய அண்ணன் ஹான்ஸ், நுண்ணுயிர்களின் புரதங்களை மருத்துவத்துக்காகப் பிழிந்தெடுக்க முயன்றார். ஈஸ்ட் செல்லின் சுவர் லேசில் உடையாது. ஒரு கிலோ ஈஸ்ட்டுக்குச் சமமாகக் குவார்ட்ஸ் மணலும் கால் கிலோ டயட்டம் மண்ணும் சேர்த்துக் கல்லில் அரைத்தார்கள். வறண்ட தூளாகத் தொடங்கிய கலவை, செல்கள் உடைய உடைய ஈரமாகிப் பிசைந்த மாவாயிற்று. அதைத் துணியில் சுற்றி, நீரழுத்தப் பொறியில் 400, 500 வளிமண்டல அழுத்தத்தில் பிழிந்தால் அரை லிட்டர் சாறு. அது சீக்கிரம் கெட்டுப்போனது. விலங்குகளுக்குக் கொடுக்க வேண்டியதால் கிருமிநாசினி சேர்க்க முடியாது. பழ ஜாமைக் காப்பதுபோலச் சர்க்கரையால் காக்கலாம் என்று அடர்ந்த சர்க்கரைக் கரைசலைச் சேர்த்தார்கள். சிறிது நேரத்தில் குமிழ் வரத் தொடங்கியது. கெடாமல் இருக்கச் சேர்த்த சர்க்கரை சாராயமாகிக்கொண்டிருந்தது, செல் ஒன்றுகூட இல்லாமல். 1897-இல் கட்டுரை வந்தது, 1907-இல் நோபல் பரிசு. பாஸ்டர் 1895-இலேயே இறந்துவிட்டார். இப்படி ஒரு சாற்றைப் பிரிக்க அவரும் முயன்று முடியாமல் விட்டவர்தான்.

புக்னர் அதை ஒரே நொதி என்று நினைத்து ஜைமேஸ் என்றார். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹார்டனும் யங்கும் 1906 வாக்கில் அதைக் கலைத்தார்கள். சாற்றை நுண்வடிகட்டியில் பிரித்தால் இரண்டு பாகமும் தனித்தனியே செத்த பிணம், சேர்த்தால் உயிர்ப்பு. கூடவே பாஸ்பேட் சேர்த்தால் வேகம் எகிறியது, போட்ட பாஸ்பேட் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டது. கிளைக்காலிசிஸ் (செல்லுக்குள் குளுக்கோஸ் படிப்படியாக உடையும்) பாதையில் நீங்கள் மனப்பாடம் செய்யும் ஃப்ரக்டோஸ் இரட்டைப் பாஸ்பேட் அந்தச் சாற்றில் பிடிபட்டதுதான்.

ஆக, சண்டையில் யார் பக்கம்? சாராயம் ஆவது நொதிகளால். அந்த நொதிகளைச் செய்வதும் சுமப்பதும் ஈஸ்ட். இதில் பாஸ்டரும் சரி, வேதியியல்காரர்களும் சரி. அழுகல் அதிர்வு என்ற லீபிக்கின் விளக்கம் மட்டும் தேறவில்லை.

கடன் மறுபக்கமும் ஓடியது, நுண்ணுயிரியலும் சர்க்கரையிடம் கடன்பட்டது. குடல் பாக்டீரியா லாக்டோஸை நொதிக்கும், டைபாய்டு பாக்டீரியா நொதிக்காது. 1905-இல் மெக்கான்கி முறைப்படுத்திய ஊடகத்தில் ஒன்று இளஞ்சிவப்பாகவும் மற்றது நிறமின்றியும் தெரிவது அதனால்தான். அந்த ஊடகத்தைத் திடமாக்கும் ஆகரும் ஒரு கார்போஹைட்ரேட். 1881-இல் ஃபேன்னி ஹெஸ்ஸெ, கணவரின் ஜெலட்டின் தட்டுகள் உருகி வழிவதைப் பார்த்து, ஜாவாவில் வாழ்ந்த குடும்ப நண்பரிடம் கற்ற ஜெல்லிப் பொருளைச் சொன்னார். நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் அதை 1882-இல் ஒரு வரியில் குறிப்பிட்டார், ஃபேன்னியின் பெயரைச் சொல்லவில்லை. நோன்பு திறக்கும்போது கடல்பாசி சாப்பிட்டிருந்தால் உங்களுக்கும் அது தெரிந்த பொருள்தான். ஆகருக்குள்ளே ஜெல்லியாக உறையும் பகுதியில் டி-கேலக்டோஸ் அலகும் எல்-கேலக்டோஸிலிருந்து வந்த அலகும் மாறி மாறி வருகின்றன. அதை உடைக்கும் நொதி பெரும்பாலான பாக்டீரியாக்களிடம் இல்லை, தட்டு நிலைப்பதற்குக் காரணம் அதுவே.

கடலில் வாழும் சிலவற்றிடம் உண்டு. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போனால் கரையில் அழுகும் பாசியைக் கொஞ்சம் கொண்டுவந்து, கடல்நீரில் செய்த ஆகர் தட்டில் தடவி, சில நாள் அறை வெப்பத்தில் வைத்துப் பாருங்கள். ஆகரைத் தின்னும் வகை இருந்தால் அதன் கூட்டத்தைச் சுற்றித் தட்டில் குழி விழும். குழி தெளிவில்லை என்றால் மேலே நீர்த்த அயோடின் கரைசலை ஊற்றுங்கள், ஆகர் பழுப்பாகும், தின்னப்பட்ட இடம் வெளிறி நிற்கும்.